அப்பா வண்டியை விட்டு இறங்கிய காரணம்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அப்பாவோடு வண்டி ஓட்டியவர்களுக்கும் என் வணக்கம். வீட்டில் நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். மலர் என்பதால் அப்பா என்றே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது திருவொற்றியூர் குப்பத்தில். கடல் உள்ளே வந்து வீடுகளைத் தின்றபோது அவருடைய அண்ணன்மார் வலையோடு நின்றுகொண்டார்கள். அப்பா லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு டிரைவர் ஆனார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர்தான் கடைசிவரை அவர் வண்டி. பள்ளிக்கூடம் போகாதவர். ஊர்ப் பலகைகளைப் படிக்க மாட்டார். படம்போல அடையாளம் வைத்திருப்பார். எங்கள் வம்சத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அது அவர் பிடிவாதம்.

ஓட்டியதைவிட அவர் நின்றதுதான் அதிகம். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசல்வரை லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காதவர்கள் நம்மில் இல்லை. காலையில் நிற்கிற வண்டி மறுநாள் காலையிலும் அங்கேயே நிற்கும். இறங்கிப் போகவும் முடியாது. எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. உட்கார்ந்தே கிடந்து அப்பாவின் கால்கள் பன்னு மாதிரி உப்பிவிடும்.

கல்லூரிக் கடைசி ஆண்டில் ஏதாவது ஒரு பொருளை வடிவமைத்துச் செய்து காட்டச் சொன்னார்கள். உட்கார்ந்தபடி காலை வைத்தால் இதமாகப் பிடித்துவிடும் பலகை ஒன்றை அப்பாவுக்காகச் செய்தேன். சாய்வான பலகை, கடைந்தெடுத்த நான்கு மர உருளைகள், பழைய வைப்பர் மோட்டார், மோட்டாரையும் உருளைகளையும் இணைக்க ஒரு ரப்பர் பெல்ட். லாரி பேட்டரியிலேயே ஓடும். டிரைவர் சீட்டின் முன்னால் பிரேக்கும் கிளட்ச்சும் இருப்பதால் பக்கத்து சீட்டின் முன்னால் பொருத்தினேன். வரிசை நிற்கும்போது அப்பா அங்கே நகர்ந்து உட்கார்ந்து கால் வைப்பார்.

முதல் நாளே “சுகமா கீதுடா” என்றார். அப்பாவின் கூட்டாளி ஒருவர், எங்களுக்கு உறவில்லை என்றாலும் மாமா என்றே அழைப்போம், பின்னால் நின்ற வண்டியிலிருந்து வந்து காலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

“இன்னா மாப்ள, இது காலா, கரும்பா? சாறு புழிஞ்சி வுட்டுடுவ போல கீதே.”

“உன் காலு ராஜா வூட்டு காலு. தாங்காது” என்று அப்பா சிரித்தார்.

மாமா சொன்னதைக் குறித்துக்கொண்டு போய் உருளைகளில் பஞ்சு சுற்றி, சைக்கிள் டியூபைப் போர்த்தினேன். அப்பாவுக்கு அதுவும் சுகம். வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். எல்லாம் சுகம். பிள்ளை செய்தது என்கிற பாசத்தில் சொல்கிறார் என்று பூரித்துப்போனேன். படித்தவன் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் மதியம் சாப்பாடு கொண்டுபோய் வண்டியில் ஏறினேன். அப்பா கண்ணை மூடிக் கால் வைத்திருந்தார். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால் பெல்ட் அறுந்து கிடக்கிறது. உருளைகள் சுற்றவே இல்லை.

“எப்டி கீது நைனா?”

“சுகமா கீது.”

சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து அவர் கட்டைவிரலில் அழுத்தினேன். மை ஒட்டியது. அப்பா அசையவில்லை. அதற்குள் பின்னால் ஹாரன் அடித்தார்கள், வரிசை நகர்ந்தது. அப்பா டிரைவர் சீட்டுக்கு மாறினார். குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பிரேக் மேல்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே அழுத்தினார்.

சர்க்கரை நோய் அவர் பாதங்களின் உணர்வை எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஒரு வருடமாகவே அப்படித்தான் என்றார். கண்ணால் பார்த்தே ஓட்டிப் பழகிவிட்டாராம். முன்னால் லாரி, பின்னால் லாரி, இரண்டு பக்கமும் லாரி. நானாவது இறங்கி நடந்திருக்கலாம். முடியவில்லை.

“இனிமே ஓட்ட வேணா நைனா.”

“வூட்ல குந்திகினு செவுத்த பாக்க சொல்றியா? இதுக்காடா உன்ன படிக்க வச்சேன்?”

வரிசை மறுபடியும் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் எங்கள் வண்டிக்கும் முன் வண்டிக்கும் நடுவே புகுந்து சாலையைக் கடந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

அந்த ஒரு நடையை மட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டி முடித்தார். அதுவும் தவறு என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். சாவியை முதலாளியிடம் கொடுக்கப் போகும்போது அப்பா சொன்னார்:

“காலு செத்துப்போச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரிய வேணா. புள்ள வேணான்னுட்டான்னு சொல்லிடறேன். நான் போனப்பறம் நீ இன்னா வேணா சொல்லிக்க.”

படித்த பிள்ளைக்கு லாரிக்காரன் மகன் என்று சொல்லிக்கொள்ள வெட்கம் என்று நீங்கள் பேசியது அப்படித்தான் வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் அத்தை என் முகத்துக்கு நேரே கேட்டார். அப்பா பக்கத்து இலையில்தான் இருந்தார். தலை நிமிரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், ஜன்னலோரம் நாற்காலியில் மூன்று வருடம் இருந்தார். சாலையில் கேட்கும் ஹாரனை வைத்தே யார் வண்டி என்று சொல்வார். கால் பலகையை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். உணர்வில்லாத காலில் உருளை பட்டால் புண்ணாகும், தெரியாமலே போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவருக்காகச் செய்ததை அவருக்கே கொடுக்க முடியாமல் மாமாவிடம் கொடுத்தேன். தினமும் அவர் பாதங்களைத் தூக்கி, விரல் இடுக்குகளில் புண் இருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த நேரம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது. நான் செய்தது சரி என்று ஒருநாளும் அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இரவு பகல் பாராமல் துணை நின்ற சித்திகளுக்கும், அப்பாவை மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கிய தெருப் பிள்ளைகளுக்கும், அப்பாவின் கடைசி மூச்சுவரை அவர் ரகசியத்தைக் காத்த அம்மாவுக்கும், வாராவாரம் வந்து வரிசைக் கதை சொன்ன மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னைத் திட்டியவர்களுக்கும் நன்றி. அப்பா மேல் இருந்த பாசத்தில்தானே திட்டினீர்கள். அவரைப் பற்றி இனி பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அப்பா ஓட்டிய இருபத்தேழு வருடத்தில் அவர் வண்டி யார் மேலும் ஏறியதில்லை.