வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு

ஒரே மாதிரி தெரியும் இரண்டு இங்கிலீஷ் சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் காரைக்காலில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பியிருந்தேன். புதுமனை புகுவிழாவில் மொய் எழுதுகிறவரிடம் ‘ஹவுஸ்’ வேறு, ‘ஹோம்’ வேறு என்று வகுப்பெடுத்திருக்கிறேன். துக்கம் கேட்கப் போன வீட்டில் ‘சிக்’குக்கும் ‘இல்’லுக்கும் வித்தியாசம் சொல்லியிருக்கிறேன். யாரும் அடிக்கவில்லை, நல்ல மனிதர்கள்.

நான் இங்கிலீஷ் ஆசிரியராக வேலை பார்த்த தனியார் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆயா முதல் ஆசிரியர் வரை யார்மீது புகார் வந்தாலும் அவர் இங்கிலீஷில் விளக்கக் கடிதம் தர வேண்டும். தமிழில் தந்தால் தாளாளர் தொடமாட்டார். இங்கிலீஷில் தந்தால் படிப்பார், புரிந்ததா என்பது அவருக்கே வெளிச்சம். எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் கௌரவம் என்னுடையது.

ஒரு மழை நாளில் நெரவிப் பக்கத்துப் பள்ளி வேனை ஓட்டுகிறவர், மதகுக்கு மேல் தண்ணீர் ஓடியதால் சுற்றுவழியில் வந்தார். பிள்ளைகளுக்குப் பரீட்சையில் அரைமணி நேரம் போய்விட்டது. பெரிய இடத்து அப்பா ஒருவர் தாளாளர் அறையில் கத்திவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் ‘அபாலஜி லெட்டர்’ வர வேண்டும் என்று உத்தரவு.

டிரைவர் என்னிடம் வந்தார். “நான் என்னங்க சார் தப்புப் பண்ணேன்? தண்ணியில வண்டிய விட்டிருந்தா புள்ளைங்க என்னா ஆவும்? தப்புன்னு எழுதிக் குடுத்தா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. ரெண்டு பொண்ணு படிக்குதுங்க.”

“கவலைப்படாதீங்க. அபாலஜின்னாதான் தப்ப ஒத்துக்கிட்டதா அர்த்தம். நாம ரிக்ரெட் எழுதுவோம். நடந்ததுக்கு வருத்தம், அவ்வளவுதான்.”

நான்கே வரி. எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்து ரசித்தேன், வெட்கமே இல்லாமல். அவர் ஒன்றும் புரியாமல் கையெழுத்துப் போட்டார். “கீழ தமிழ்ல, ‘நான் தப்புப் பண்ணல’ன்னு ஒரு வரி எழுதிக்கவா சார்?” என்று கேட்டார். கடிதத்தின் அழகு கெட்டுவிடும் என்று வேண்டாம் என்றேன்.

மறுநாள் தாளாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டீங்க. நாளைலேர்ந்து வர வேணாம்” என்றார் டிரைவரிடம்.

“அப்படி எழுதலைங்க. சாரையே கேளுங்க.”

தாளாளர் கடிதத்தை என் பக்கம் நீட்டினார். “ஏன் சார், ரிக்ரெட், அபாலஜி எல்லாம் ஒண்ணுதானே?”

அந்த வாரம்தான் வைஸ் பிரின்சிபால் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் பேசுவதற்கு என்னிடம் விளக்கம் இருந்தது.

“ஏறக்குறைய ஒண்ணுதான் சார்” என்றேன்.

அந்த ‘ஏறக்குறைய’வைச் சேர்த்ததே பெரிய துணிச்சல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. டிரைவர் வேன் சாவியை மேசையில் வைத்தார். தாளாளருக்கு ஒரு வணக்கம் சொன்னார். பிறகு, என்னை மட்டும் விட்டுவிட மனம் வராதவர் போல, எனக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.