தாய்மாமன் ஸ்கூட்டர்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் என் கடைக்கு அடுத்த கடை தங்கப்பழத்துடையது. ஆள் நல்லவன். எடையில் கை வைக்க மாட்டான், வாடின பூவை அடியில் வைத்துக் கட்ட மாட்டான். ஆனால் ஒரு விஷயத்தை மண்டைக்குள் போட்டுக்கொண்டான் என்றால் அதை வெளியே எடுக்க அவனாலேயே முடியாது. பக்கத்துக் கடைக்காரனாகப் போய்விட்ட பாவத்துக்கு அந்த அவஸ்தையில் பாதி எனக்கு வந்து சேரும்.

அவனிடம் ஒரு சின்ன ஸ்கூட்டர் உண்டு. காலையில் பூ மூட்டைகளைச் சுமந்துகொண்டு மார்க்கெட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஓடும். பூ மூட்டை பார்வைக்குத்தான் பெரிது, கனம் கிடையாது. எங்கள் ஊரும் தோசைக்கல் மாதிரி தட்டை. ஆகவே அந்த வண்டியால் எது முடியாது என்பது பல வருஷம் யாருக்கும் தெரியாமலே இருந்தது.

போன வருஷம் தெரிந்துவிட்டது. தங்கப்பழத்தின் தங்கை விஜிதாவைத் தென்காசியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை அருண்குமார், கார் வைத்திருப்பவன். அவர்கள் காரிலும் இவனும் மனைவி பொன்மணியும் ஸ்கூட்டரிலுமாகப் பண்பொழி திருமலைக் கோவிலுக்குப் போனார்கள். மலை உச்சி வரை ரோடு உண்டு, வளைந்து வளைந்து ஏறும். முதல் வளைவிலேயே ஸ்கூட்டர் மூச்சு வாங்கி நின்றது. பொன்மணி இறங்கினாள். வண்டி ஏறியது. அவள் நடந்தாள். மேலே எல்லோரும் சாமி கும்பிட்டு முடித்த பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

அப்போதுதான் அருண்குமார் சொன்னான். "மச்சான், வண்டியக் குத்தம் சொல்லாதீங்க. வண்டி நல்ல வண்டிதான். லோடுதான் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். பொன்மணியும் சிரித்தாள். தங்கப்பழமும் சிரித்தானாம். அதை என்னிடம் சொன்னபோது தராசில் மல்லியைக் கொட்டிவிட்டு எடையைப் பார்க்காமல் தராசையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கிலருந்து ராத்திரி சாப்பிட மாட்டேங்கா அண்ணாச்சி. பசிக்கலங்கா. நான் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போனா முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கா. பசிச்சவளுக்கு எங்கன இருந்து தூக்கம் வரும்?"

"நீ சொல்ல வேண்டியதுதானவே, அவன் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னான்னு?"

"வெளையாட்டுக்குச் சொன்னா வயிறு கேக்குமா?"

பதில் தெரியாத இடத்தில் நான் கோபப்படுவது வழக்கம். "முதல்ல எடையப் பாரு" என்று கத்தினேன்.

இப்படி இருக்கையில்தான் விஜிதாவின் மகள் அனுவுக்குக் காது குத்த அதே திருமலைக் கோவிலில் நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தங்கப்பழத்தை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு தாய்மாமன் இல்லை. விஜிதா போன் பண்ணினாள். "அண்ணே, நாங்க வேன் பிடிச்சிருக்கோம். நீயும் மதினியும் அதுலயே வந்துருங்க. அந்த வண்டி வேண்டாம்ணே, அது மலை ஏறாது."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். இவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நான் என் வண்டியிலதான் வருவேன். உங்க மதினியும் அதுலதான் வருவா. அடிவாரத்துல ஏறுவா, கோவில்லதான் எறங்குவா" என்று சொல்லி போனை வைத்தான். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். மலை ஏறப் போவது நான்தான் என்பது போல ஒரு பார்வை.

மார்க்கெட்டில் வைத்தியத்துக்கா பஞ்சம்? விலை கூடின பெட்ரோல் போடு என்றான் ஒருவன். போட்டான். சுற்றிலும் போட்டிருக்கும் கம்பியைக் கழற்று, பாதி எடை அதுதான் என்றான் இன்னொருவன். கழற்றினான். டயரில் காற்று காணாது என்றார்கள், அடித்தான். பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஏறினால் ஏறிவிடும் என்று ஒரு வாழையிலை வியாபாரி சொன்னார். அவர் நடந்தே கடைக்கு வருகிறவர்.

ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பரீட்சை வைக்க ஊரில் மேடு இல்லை. லாரியில் சரக்கு ஏற்றுவதற்கு மார்க்கெட்டுக்குள் ஒரு சாய்வு மேடை இருக்கிறது, அதில்தான் ஏற்றிப் பார்த்தான். பின்சீட்டில் பொன்மணிக்குப் பதிலாக நான். என் மடியில் ஒரு வெங்காய மூட்டை. அந்த மூட்டை என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வண்டி பாதி மேடையில் நின்று பின்னால் உருண்டது. மார்க்கெட் முழுக்கச் சிரித்தது. இந்த வயதில் எனக்கு இது தேவையா?

கடைசியில் கடையநல்லூர் மெக்கானிக் ரிபாயிடம் போனோம். ரிபாய் ஸ்கூட்டர் மட்டும்தான் பார்ப்பான். பைக்கைக் கொண்டுபோனால் அடுத்த தெருவைக் கையால் காட்டுவான்.

"பின்னாடி உக்காருறவங்க எவ்வளவு வெயிட் அண்ணே?" என்று கேட்டான்.

விடிந்ததிலிருந்து கிராம் கிராமாகப் பூ நிறுக்கிற தங்கப்பழம் வானத்தைப் பார்த்தான். "சராசரி" என்றான்.

ரிபாய் மேற்கொண்டு கேட்கவில்லை. கலியாணமானவன். வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தான். உள்ளே ஓடுகிற பெல்ட் தேய்ந்து ஒல்லியாகக் கிடந்தது. "என்ஜின் இழுக்கத்தான் செய்யுது. பெல்ட்டு வழுக்குது, சக்கரத்துக்குப் போய்ச் சேரல" என்றான். புது பெல்ட் மாட்டினான். பெல்ட்டுக்குப் பக்கத்தில் உருண்டையாக ஆறு ரோலர் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கனம் குறைந்த ரோலர் போட்டால் மேட்டில் நன்றாக இழுக்கும், தட்டையான ரோட்டில் வேகம் கொஞ்சம் குறையும், சத்தம் கூடும், பரவாயில்லையா என்று கேட்டான். தங்கப்பழம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதன் பிறகு ரிபாய் ஏர் பில்டரைக் கழற்றினான்.

கழற்றியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க ஏதும் செங்கச்சூளைப் பக்கமா குடியிருக்கீங்களா?"

பில்டர் முழுக்க மண். ரோட்டுப் புழுதி இல்லை. நைசான, மஞ்சளும் சிவப்புமான மண், ஈரம் பட்டு அடை அடையாக ஒட்டியிருந்தது. தங்கப்பழம் ஒரு துளியை விரலில் எடுத்துப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. எனக்கும் பார்த்தவுடன் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் தெரியும். கோவில் புற்றுமண். கோமதி அம்மன் சன்னதியில் தருவது. நெற்றியில் பூசுவோம், உடம்புக்கு முடியவில்லை என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிப்போம்.

"திங்கக்கிழமைதோறும் கோவிலுக்குப் போய்ட்டு வந்து வண்டி பக்கத்துல குத்தவச்சு உக்காந்திருப்பா" என்றான் தங்கப்பழம் மெதுவாக. "தொடைக்கான்னு நெனச்சேன்."

எனக்கும் இப்போது ஞாபகம் வந்தது. வண்டி எந்த ஓட்டை வழியாக மூச்சு விடும் என்று பொன்மணி பஞ்சர் கடையில் விசாரித்ததாக ஒரு பேச்சு மார்க்கெட்டில் அடிபட்டது. மூச்சு வாங்குகிற வண்டிக்கு மூச்சு விடுகிற வழியிலேயே மருந்து கொடுத்திருக்கிறாள். வண்டி மோசமாக மோசமாக மருந்தைக் கூட்டியிருக்கிறாள். மனுஷருக்குக் கொடுத்தாலும் அப்படித்தானே கொடுப்போம்.

நான் சிரித்துவிட்டேன். ரிபாய் சிரிக்கவில்லை. மண்ணை ஒரு துளி கீழே சிந்தாமல் தட்டி எடுத்து, பேப்பரில் மடித்து, தங்கப்பழத்தின் கையில் கொடுத்தான். "உங்க சாமி மண்ணு. நான் குப்பையில போடக் கூடாதுல்லா."

திரும்பி வரும் வழியில் ஒரு குளத்தில் இறங்கி அதைக் கரைத்தான் தங்கப்பழம். நான் கரையில் நின்றேன்.

"பொன்மணிகிட்டச் சொல்லிருவே. இல்லைன்னா அடுத்த திங்கக்கிழமை மறுபடியும் அள்ளிப் போட்டுருவா" என்றேன்.

"சொன்னா என்ன நெனைப்பா அண்ணாச்சி? கடைசியில எல்லாம் என்னாலதான்னு நெனைப்பா. ஏற்கெனவே பாதி வயித்துக்குத்தான் திங்கா. மீதியையும் நிறுத்திருவா."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

வீட்டுக்குப் போய் மனைவியிடம் இப்படிச் சொன்னானாம்: ரிபாய் புது மாதிரி பில்டர் போட்டிருக்கான், இனிமேல் புற்றுமண்ணை வண்டிக்கு நெற்றியில்தான் பூச வேண்டுமாம், வாயில் போட்டால் இந்த பில்டருக்குச் சேராதாம். பொன்மணி அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டாள். மறுநாள் ஸ்கூட்டர் ஹெட்லைட்டில் வட்டமாகப் புற்றுமண் பூசிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்தது.

ரிபாய் சொன்னது அப்படியே பலித்தது. சாய்வு மேடையில் என்னையும் வெங்காயத்தையும் வைத்துக்கொண்டு வண்டி சட்டென்று ஏறியது. ஆனால் மெயின் ரோட்டில், வீட்டைப் பிரித்து எடுப்பது போலச் சத்தம் போட்டுக்கொண்டு, சைக்கிள்காரர்களுக்கு வழிவிட்டுப் போயிற்று. "என்னவே, வண்டி இவ்வளவு கத்துது, நகரவே மாட்டேங்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. "இது மலைக்கு உள்ள வண்டி" என்று ஒவ்வொருவனுக்கும் பொறுமையாகச் சொன்னான் தங்கப்பழம்.

காதுகுத்து நாளும் வந்தது. சீர்த்தட்டுகளை என் பைக்கில் கட்டிக்கொண்டு நானும் போனேன். முகூர்த்த நாள், திருமலை அடிவாரத்தில் வண்டியும் கூட்டமுமாக நெரிந்தது. மேலே நிறுத்த இடமில்லை, வேன், கார் எதுவும் போக முடியாது, டூவீலர் மட்டும் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அருண்குமாரின் வேன் ஓரமாக நின்றது. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரையோ தெரியும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

தங்கப்பழம் பின்சீட்டில் பொன்மணியை ஏற்றி, ஸ்டார்ட் பண்ணித் தயாராக நின்றான். அவ்வளவு நாள் பட்ட பாடு பலிக்கப்போகிற நேரம். பொன்மணி இறங்கிவிட்டாள்.

"விஜிதாவையும் பிள்ளையையும் மொதல்ல கொண்டு விடுங்க. வெயில் ஏறுது."

"ஏட்டி, நான் சொன்னேன்லா..."

"நான் எங்கயும் போயிர மாட்டேன். நிக்கேன்."

விஜிதாவும் அனுவும் ஏறினார்கள், வண்டி சிரமமில்லாமல் போயிற்று. நான் காது குத்துகிற ஆசாரியைக் கொண்டுபோனேன். அருண்குமார் ஆண்களோடு படிவழியாக நடந்தான். திரும்பி வந்தால் அருண்குமாரின் அம்மா நிற்கிறார். நல்ல ஆகிருதி. என் பைக்கைப் பார்த்தவுடன், "அதுல காலைத் தூக்கிப் போட முடியாது" என்று சொல்லிவிட்டார். "அத்தைய விடுங்க மொதல்ல" என்றாள் பொன்மணி. அத்தை உட்கார்ந்ததும் ஸ்கூட்டரின் பின்பக்கம் தரைக்கு வந்தது. அதையும் சுமந்துகொண்டு, ஊரே கேட்கக் கத்திக்கொண்டு, அது ஏறிவிட்டது. படியேறி வந்து மேலே மூச்சு வாங்க நின்ற அருண்குமார், தன் அம்மா வந்து இறங்குவதைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவனுடைய அத்தை ஒருவர், பிறகு பூசைக் கூடையோடு ஒரு சித்தி. ஒவ்வொரு தடவையும் பொன்மணி ஒதுங்கி வழிவிட்டாள். அவளாக எந்தத் தடவையும் ஏற வரவில்லை. கடைசியில் அடிவாரத்தில் அவள் மட்டும் நின்றாள். வண்டியிலிருந்து ரப்பர் தீய்கிற வாடை வந்தது.

"பெல்ட்டு சூடாயிட்டு. கொஞ்சம் ஆறட்டும்வே" என்றேன்.

மேலேயிருந்து போன் மேல் போன். நேரம் போகிறது, தாய்மாமன் எங்கே என்று கேட்டு. "ஏறு" என்றான் பொன்மணியிடம். ஏறினாள். நான் பைக்கில் பின்னால் போனேன்.

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் சத்தம் மட்டும் கூடியது, வேகம் இல்லை. நான் இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றிப் பின்னால் போக வேண்டியிருந்தது. கைப்பிள்ளையோடு நடந்து போன ஒரு பெண் அவர்களைத் தாண்டிப் போனாள்.

"ஏக்கா, எறங்கி நடந்தா வெரசாப் போயிரலாமே" என்றாள்.

பொன்மணி பழக்கத்தில் ஒரு காலைக் கீழே நீட்டினாள். "நான் எறங்கிக்கிடுதேங்க. பாவம், அதால முடியல."

"எறங்குன, வண்டிய இந்தப் பள்ளத்துல தள்ளிட்டு நானும் வீட்டுக்குப் போயிருவேன். காலைத் தூக்குட்டி."

தூக்கிக்கொண்டாள். அவன் முதுகுச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டி நிற்கவில்லை. அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நிற்கவில்லை. நான் பின்னால் வந்துகொண்டே, சத்தியமாகச் சொல்கிறேன், கடவுளே கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு ஸ்கூட்டருக்காக நான் சாமியைக் கூப்பிட்டது அன்றுதான்.

கோவில் வாசலில் எல்லோரும் நின்றார்கள். பொன்மணி அங்கேதான் இறங்கினாள். முகத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"வாங்க மச்சான், வாங்க. நேரமாயிட்டு" என்று அருண்குமார் ஓடி வந்தான். மண்டபத்தில் பாய் விரித்திருந்தது. ஆசாரி கம்பியோடு உட்கார்ந்திருந்தார். தங்கப்பழம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். விஜிதா பிள்ளையை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"மாப்ள, போன வருஷம் இதே எடத்துல வச்சு ஒண்ணு சொன்னீங்க. லோடுன்னு."

அருண்குமாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிக்கப் பார்த்தான். "அது சும்மா வெளையாட்டுக்கு மச்சான்..."

"எங்கிட்டச் சொல்லாதீங்க. அவகிட்டச் சொல்லுங்க. சொன்ன பெறவு பிள்ளைய வாங்குதேன்."

அருண்குமாரின் அம்மா மகனைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவரையும் அந்த வண்டிதான் சுமந்து வந்தது. "சொல்லுலே" என்றார்.

"அக்கா, தப்புத்தாங்க்கா. நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்றான் அருண்குமார். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பொன்மணி பரவாயில்லை என்று சொல்வாள், சிரித்து மழுப்பிவிடுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவனை நேராகப் பார்த்து, "சரி" என்றாள். பிறகு விஜிதாவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, தானே கொண்டுபோய்ப் புருஷன் மடியில் உட்காரவைத்தாள்.