பாச்சா உருண்டை வேட்டி

பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடக் கூடாது, நன்றாக வாழ்ந்தவருடைய பழைய வேட்டியில்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மகளுக்குப் பையன் பிறந்ததும், நன்றாக வாழ்ந்தவர் யார் என்று யாரும் யோசிப்பதற்குள், மயிலாப்பூரிலிருந்து என் மயில்கண் வேட்டியோடு அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறிவிட்டேன். தொப்பை வந்து கட்ட முடியாமல் போனபின், பீரோவில் பாச்சா உருண்டை போட்டு வருஷக்கணக்காகக் காப்பாற்றிய வேட்டி. “இன்னா சார், பீரோவே வண்டில வர்ற மாதிரி கீது” என்றார் ஆட்டோக்காரர். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் குழந்தை மஞ்சளாகிவிட்டான். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழே படுக்கவைத்தார்கள். பால் கொடுக்க வெளியே எடுக்கும்போதெல்லாம் சுற்றியது என் வேட்டிதான். மஞ்சள் இன்னும் ஏறினால் ரத்தத்தையே மாற்ற வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. மகள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜி6பிடி என்கிற என்சைம் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தது. ரத்தத்தின் சிவப்பணு உடையாமல் பார்த்துக்கொள்வது அதுதானாம். ஜீன் வழியாக வருவது என்று டாக்டரம்மா சொன்னதும் நான் மருமகனைப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் எல்லோருமே கொஞ்சம் வெளிறின மாதிரிதான், பெண் பார்க்க வந்தபோதே நினைத்தேன் என்று மனைவியின் காதில் சொல்லவும் செய்தேன்.

“ஆம்பளப் புள்ளைக்கு இது அம்மாகிட்டேர்ந்துதான் சார் வரும்” என்றார் டாக்டரம்மா. “அவங்களுக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டேர்ந்து வந்திருக்கும்.”

மெதுவாக மனைவி பக்கம் திரும்பினேன். “இந்தப் பக்கம் பாக்காதீங்க” என்றாள்.

அதற்குள் டாக்டரம்மா மகள் மடியிலிருந்த வேட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தார். பாச்சா உருண்டை இந்தக் குழந்தைக்கு விஷம், அதன் ஆவி பட்டாலே சிவப்பணு உடையும் என்றார். யாருடைய வேட்டி என்று கேட்டார். அறையில் இருந்த எல்லோரும் எனக்காகப் பதில் சொன்னார்கள்.

வேட்டியை வெளியே கொண்டுபோய்க் கடாசினேன். மறுநாள் காலை மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. ரத்தம் மாற்ற வேண்டாம் என்றார்கள். மகள் அப்போதுதான் அழுதாள். பிறகு என்னையும் அதே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னாள். எனக்கும் அதே குறைவு. என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

தொடக் கூடாத பொருள்கள், சாப்பிடக் கூடாத மாத்திரைகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். மகள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் இன்னொரு தாளை நீட்டினாள்.

“அது அவனுக்கு. இந்த ஜெராக்ஸ் உனக்கு.”