முப்பது நாள் காற்று

காற்றாடி இயந்திரம் பார்க்கிறவனுக்கு வானம்தான் மேலதிகாரி. லீவும் கேட்க முடியாது, சண்டையும் போட முடியாது. மின்வெட்டில் நின்றுபோன விசிறியைப் பார்த்தபடி வேர்த்துக் கிடந்தவர்களுக்கு என் பாடு புரியும். எழுபதுகளில் தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் எனக்கு அந்த வேலை. சுற்றிலும் உப்புப் பாத்திகள், நடுவில் காற்றாடி, அதன் கீழே ஓர் அறையில் நான். மனைவி செல்வியும் கைக்குழந்தையும் விளாத்திகுளத்தில், மாமனார் வீட்டில்.

முதலாளியின் நிபந்தனை

டீசல் எஞ்சினைத் தொடாமல், காற்றாடியை மட்டும் வைத்து முப்பது நாள் பாத்திகளுக்குத் தண்ணீரும் பாய்ந்து விளக்கும் எரிந்தால், குடும்பத்தோடு தங்க அங்கேயே வீடு கட்டித் தருவதாக முதலாளி சொன்னார். ஒரு நாள் தவறினாலும் காற்றாடியைக் கழற்றிவிடுவார். நான் அன்றைக்கே, கட்டாத வீட்டில் தொட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

“காத்து என்ன உம்ம மச்சானா, சொன்னதும் வாரதுக்கு? பாப்போம்வே” என்றார் முதலாளி.

ஐஸ் கேட்டவர்

ஆனி மாதம். கச்சான் காற்று மேற்கேயிருந்து விடாமல் அடித்தது. இதை வைத்து ஐஸ் போட முடியுமா என்று பார்க்க மீன் வியாபாரி சூசை அண்ணாச்சி வந்தார். நான் பெருமையாக விளக்கினேன்: காற்றடிக்கும்போது உப்புத்தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம், கரண்டு பாட்டரியில் இரண்டு நாள் நிற்கும். மூணாம் நாளைக்கு என்ன செய்வீர் என்று கேட்டார். நான் காற்றாடியை அண்ணாந்து பார்த்தேன்.

“உப்புத்தண்ணி கெடக்கும்வே. மீனு கெடக்காது, நாறிரும்.”

செல்வியின் பதில்

இருபத்துமூன்றாம் நாள் காற்று நின்றது. தொட்டி நிறைய இருந்ததால் பாத்திகளுக்குக் குறைவில்லை. பாட்டரிதான் இறங்கிக்கொண்டே வந்தது. முதலாளி தினமும் பொழுது சாயும்போது ஜீப்பில் வருவார். அவர் வரும்போது மட்டும் விளக்கைப் போட்டேன். ஜீப் போனதும் அணைத்தேன். அரிக்கேன் ஏற்றினால் மண்ணெண்ணெய் வாடையில் குட்டு வெளிப்பட்டுவிடும். வேலைக்கு வரும் பெண்களும் வீட்டுக்குப் போன பிறகு, நாலு பக்கமும் ஒரு குரல் இருக்காது. இருட்டிலேயே செல்விக்குக் கடிதம் எழுதினேன். பதில் சுருக்கமாக வந்தது.

“எழுத்தெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு. ஒங்களுக்குக் காய்ச்சலா?”

முப்பதாம் நாள்

விளக்கு மங்கலாக எரிந்தாலும் எரிந்தது. முதலாளிக்குப் பரம சந்தோஷம். என்னைத் தட்டிக்கொடுக்க அறைக்குள் வந்தவர், கட்டிலில் கிடந்த அடுத்த கடிதத்தைப் பார்த்தார். வரிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. இருட்டிலா எழுதினீர் என்று கேட்டார். காற்று நின்றதிலிருந்து, அவர் ஜீப் போனதும் விளக்கை அணைத்து வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“நீரு ஒத்தையாளு, இருட்டுல இருந்துட்டீரு. பச்சப்புள்ளய எப்படிவே இருட்டுல வைப்பீரு?”

வீட்டுப் பேச்சு அதோடு நின்றது, காற்றாடியும் இறங்கியது. மறுநாளிலிருந்து நான் எஞ்சினை ஓட்டினேன், விளக்கு ஒரு நாளும் அணையவில்லை, கடித வரிகளும் நேராகிவிட்டன. எழுதுகிறவன்தான் அந்த அறையில் ஒற்றையாகவே இருந்தான்.