முதுகு சாய்க்க ஒரு நாற்காலி

எனக்குப் பிறந்தநாள் இரண்டு. ஐப்பசி மாதம், பாலாற்றில் தண்ணீர் வந்த வாரம் என்பது நிச்சயம். வெள்ளிக்கிழமை ராத்திரியா, சனிக்கிழமை விடியலா என்பது மட்டும் என் தாய்க்குக் கடைசிவரை தீர்மானமாகவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டதால் என்னிடம் அதைக் கேட்கவும் ஆள் இல்லை.

பிறந்தநாள் என்பது கொண்டாடுகிற விஷயம் என்று கோலார் சுரங்கத்தில் மண் அள்ளும்போதுதான் தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு துரை தனக்குத் தானே விருந்து வைத்துக்கொண்டார். வேலியோரம் நின்ற எங்களுக்கும் ஆளுக்கொரு பன் வந்தது. ஒரு மனிதன் தான் பிறந்ததற்குத் தானே சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. பன்னைத் தின்றுவிட்டு அந்த யோசனையை மட்டும் வைத்துக்கொண்டேன். பிறகு ஜோலார்பேட்டையில் கரி வாரினேன், பெங்களூர் தண்டில் பட்டாளத்துக் குதிரை தேய்த்தேன், எங்கும் ஒட்டாமல் கடைசியில் ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில் சேர்ந்தேன். அப்போது முப்பது தாண்டியிருக்கும்.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. வேலூரில் பயாஸ்கோப்புக் கொட்டகை போட்டிருந்தார்கள். அதில் நாற்காலி டிக்கெட் வாங்கி, முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு படம் பார்க்க வேண்டும். அதுவரை நான் உட்கார்ந்ததெல்லாம் தரை, திட்டு, மூட்டை. முதுகு வைத்த நாற்காலி பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு, ஸ்டேஷனில் மாஸ்டருக்கு, கிடங்கில் கணக்குப்பிள்ளைக்கு என்றுதான் பார்த்திருக்கிறேன். அதில் சாய்ந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் முதலாளி துலுக்கர். அதனால் வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமையை நானாக எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்து, பக்கத்துத் தோல் குழியில் வேலை செய்த அண்ணன் ஒருவரிடம் சொன்னேன்.

"இன்னாடா, வேலூர்ல எவளயாவது பாத்து வெச்சிருக்கியா?"

"இல்லண்ணே. எனக்குப் பொறந்தநாளு."

"பொறந்தநாளா? நீ இன்னா கலெக்டரா?"

"கலெக்டருக்கு ஒரு நாளுதான். எனக்கு ரெண்டு."

"போய்ட்டு வா. மேஸ்திரி கேட்டா செத்துட்டன்னு சொல்றேன்" என்றார்.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. ஆவாரம்பட்டை ஊறும் குழியருகே இரும்பு வரக்கூடாது. பட்டைத் தண்ணீர் குடித்த தோலில் ஓர் ஆணி பட்டால் போதும், அந்த இடம் மை கொட்டினதுபோல் கறுத்துவிடும். அதற்குப் பிறகு அந்தத் தோல் விலைபோகாது. இடுப்புச் சாவியைக்கூட வாசலில் அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும் எங்கள் கையும் தோல்தான், அதற்கும் அதே சட்டம்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்கிறவனே நான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆற்றில் ஒரு முழு சோப்பைத் தேய்த்துத் தீர்த்தேன். புதிதாகத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இடம் கிடைத்த குஷியில், துருவேறிய கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாரலில் நனைந்தபடி காட்பாடி வரை வேடிக்கை பார்த்தேன். இறங்கியதும் ஈரக்கையை நெஞ்சில் துடைத்தேன்.

சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்துவிட்டன.

அப்போதுதான் சட்டம் ஞாபகம் வந்தது. உள்ளங்கை இரண்டும் கரிச்சட்டி. நாற்காலி டிக்கெட் கேட்டு இந்தக் கையை நீட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். காபி ஹோட்டல்களில் எங்களை உள்ளே விடமாட்டார்கள். அது பழகிப்போனது, அதற்கு நான் போவதுமில்லை. ஆனால் இந்த நாற்காலியை விட்டுவிட எனக்கு மனமில்லை. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி லாங் பஜாருக்கு நடந்தேன். அங்கே ஒரு சோடாக்கடையில் பிழிந்த எலுமிச்சை மூடிகள் குவிந்து கிடந்தன. புதுக்கறை என்றால் எலுமிச்சைக்குப் போய்விடும்.

"பாய், அந்தப் பிழிஞ்ச மூடியெல்லாம் எனக்குக் குடு."

"சோடா வாணாமா?"

"சோடாவும் குடு. மூடிதான் ஜாஸ்தி வேணும்."

அவர் என் நெஞ்சைப் பார்த்தார். "இன்னா தோஸ்த், பேய் அறைஞ்சிதா?"

"ரயிலு அறைஞ்சிது பாய்."

அவர் சிரித்துக்கொண்டே முழுப் பழம் ஒன்றையும் அறுத்துக் கொடுத்தார். கடையோரம் நின்று சட்டையையும் கையையும் தேய்த்தேன். சட்டையில் கறை மங்கி, மஞ்சள் நிழல் மாதிரி ஆனது. கையில் பாதிதான் போனது. பிறகு ஒரு துலுக்கர் ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். யாருக்கும் பங்கு வைக்காமல் ஒரு முழு எலும்பைக் கடித்தது அன்றுதான். மரத்தடியில் முகம் வழித்துக்கொண்டேன். சாயங்காலம் கொட்டகைக்கு முதல் ஆளாகப் போய், கையை மடக்கி வைத்தபடியே நாற்காலி டிக்கெட் வாங்கினேன்.

அது மடக்கு நாற்காலி. கையும் காலும் முதுகும் இரும்பு. பார்த்தேன். பார்த்துவிட்டும் உட்கார்ந்தேன்.

சாய்ந்ததும் முதுகெலும்பு ஒவ்வொன்றாக இறங்கி அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு மண்டிக்காரர், நல்ல கனத்த உடம்பு, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். விளக்கை அணைத்துப் படம் ஓட்டினார்கள். பேசாத படம், திரையருகே ஒருவர் நின்று கதை சொன்னார்.

பாதியில் ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது டிக்கெட் கிழிக்கிறவன் என்னிடம் வந்தான்.

"யோவ், எழுந்து தரைக்குப் போ. பெரியவர் ஒருத்தர் நிக்கிறாரு."

டிக்கெட்டைக் காட்டினேன்.

"டிக்கெட்டு கெடக்குது. கையப் பாரு. தோல் கெடங்கு ஆளுதானே நீ? பக்கத்துல இருக்கறவங்க நாத்தத்துல குந்திக்கினு படம் பாக்கணுமா?"

என்னை அறியாமல் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தேன். எழுந்து போவது எனக்குப் பழக்கமான காரியம். எத்தனையோ ஊரிலிருந்தே எழுந்து போனவன் நான். ஆனால் அன்றைக்கு முதுகு அசைய மறுத்தது.

"ஆமா, தோல் கெடங்குதான். ஆம்பூரு. இன்னிக்கு எனக்குப் பொறந்தநாளு. எழுந்திருக்க மாட்டேன்."

தரையிலிருந்து ஒரு குரல், "பொறந்தநாளாம்பா! குந்தட்டும், வுடு!" என்றது. எவனோ விசிலடித்தான். "அவனை எழுப்பினா நாங்க அல்லாரும் எழுந்துக்குவோம், துட்டைத் திருப்பிக் குடு!" என்று இன்னொரு குரல் வந்தது.

மண்டிக்காரர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு டிக்கெட்காரனிடம் சொன்னார்: "எனக்கு எலுமிச்சம்பழ வாசனைதாம்பா வருது. நீ நகரு, ஒன்கிட்டதான் பீடி நாத்தம்."

கொட்டகையே சிரித்தது. பெரியவருக்கு எங்கிருந்தோ வேறொரு நாற்காலி வந்தது. விளக்கு அணைந்தது. படத்தில் ராஜகுமாரன் கஷ்டமெல்லாம் தீர்ந்து சிம்மாசனம் ஏறினான். அவனுக்கு முன்பே நான் ஏறியிருந்தேன்.

அன்றிரவு ஒரு தர்காவின் தாழ்வாரத்தில் படுத்து, வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினேன். எழுப்ப மேஸ்திரி இல்லை. கோட்டை அகழியோரம் நடந்தேன், வறுத்த கடலை தின்றேன். சாயங்காலம் மறுபடி கொட்டகைக்குப் போய், இந்த முறை கறுத்த கையை விரித்தே நீட்டி டிக்கெட் வாங்கினேன். உள்ளே அதே ஆள் நின்றான்.

"இன்னாய்யா, இன்னிக்குமா பொறந்தநாளு?"

"ஆமா. எங்கம்மாவுக்கே சந்தேகம்."

என்னை மேலும் கீழும் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினான். "குந்து" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனபோது மேஸ்திரி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். எங்கோ இரும்பைப் பிடித்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் நின்றதற்கும் கைக்கும் சேர்த்து, பட்டைக் குழியிலிருந்து என்னைச் சுண்ணாம்புக் குழிக்கு மாற்றினார். அங்கே கால் வெந்துபோகும். கறுப்பு மறையும்வரை அங்கேதான் நின்றேன்.

மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது விஷயம் பரவியிருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். பக்கத்துக் குழி அண்ணன் தம் கைக்குள் என் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "எப்டிடா இருந்துச்சு?"

"சாஞ்சேண்ணே" என்றேன். "ரெண்டு நாளும் நல்லா சாஞ்சேன்."