தண்ணீர் தெளித்த வெள்ளாடு

ஒத்தக்கடைக்கு அப்பாலிருந்த ஆய்வுக்கூடத்தில், நோயாளரின் மூச்சுக்குழலைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை உயிர்த்திசு ஏற்கிறதா என்று வெள்ளாடுகளில் சோதித்துவந்தோம். ஆடுகளைப் பேணியவர் அழகர்கோவில் பக்கத்துக்காரர். முதல் ஆட்டுக்கு ஸ்டென்ட் பொருத்தும் காலையில் அவர் அதன் முதுகில் தண்ணீர் தெளித்தார். கோயிலில் பலியிடும் ஆடு உடல் சிலிர்த்தால்தான் இசைந்ததாகக் கொள்வது அவ்வூர் வழக்கம். ஆடு சிலிர்த்தது, என் மூக்குக்கண்ணாடி முழுதும் நீர்த்துளி.

"சிலுப்பிருச்சுய்யா. இனி நீங்க வேலையப் பாருங்க."

மூன்று மாதம் அது நலமாக மூச்சுவிட்டது. என் குறிப்புத் தாளொன்றையும் தின்றது. பிறகு, திசுவை நுண்ணோக்கியில் காண்பதற்காக அதை வலியின்றிக் கொல்லும் நாள் வந்தது. அவர் கயிற்றை விடவில்லை.

"அன்னைக்குக் குழாய் வைக்கத்தானேய்யா சம்மதிச்சுச்சு? சாகுறதுக்கா சம்மதிச்சுச்சு?"

சிலிர்க்காவிடில் இன்று தொடுவதில்லை என்று உறுதிகொண்டு, நானே செம்பில் நீர் கொணர்ந்து தெளித்தேன். ஆடு அசையாமல் எங்களையே பார்த்தது.

"நீங்க தெளிச்சா அது எப்படிய்யா நம்பும்? குடுங்க."

அவர் தெளித்தார். சிலிர்த்தது. மயக்கமருந்து ஏறும்வரை அதன் தலை அவர் மடியில் கிடந்தது.

சில வாரங்களுக்குப் பின், திசுவில் அழற்சி இல்லை என்று கொட்டகைக்குச் சென்று அவரிடம் சொன்னேன்.

"அப்ப கடைசிவரைக்கும் அதுக்கு மூச்சு முட்டலையாய்யா?"

"முட்டவில்லை" என்றேன். தலையசைத்துவிட்டு, அடுத்த ஆட்டுக்குத் தழை கட்டப் போனார்.