வலி எவ்வளவு என்று கேட்டார்கள்

என் வீட்டுக்காரர் முத்தாண்டிக்குப்பம் சாலையில் வண்டியோடு சறுக்கி விழுந்து, விலா எலும்புகள் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து திரும்பும்போதுதான் விழுந்தார்.

விலாவுக்கு மாவுக்கட்டு கிடையாதாம். ஆழமாக மூச்சு இழுக்கணும், இருமிச் சளியைத் துப்பணும், எழுந்து நடக்கணும். வலித்தால் இது எதுவும் முடியாது. அதனால் வலி ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள், மருந்து தருகிறோம், அடக்கி வைத்தால் நெஞ்சில் சளி கட்டி உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். இவரும் பெரிதாகத் தலையாட்டினார்.

வலி பத்துக்கு எவ்வளவு என்று நர்ஸ் வரும்போதெல்லாம் கேட்பாள். நெற்றி வியர்த்து ஊற்றும். இவர் "ரெண்டுதாம்மா" என்பார். அவள் நகர்ந்ததும் போர்வையைக் கடித்துக்கொள்வார். இருமல் வந்தால் விழுங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொய் சொல்கிறார் என்று நானே நர்ஸிடம் போட்டுக்கொடுத்தேன். அவள் வந்து கேட்டாள். "அது சும்மா பயந்துக்கினு கெடக்குது" என்று என்னைக் காட்டிச் சிரித்தார், நல்ல பிள்ளை மாதிரி.

நான் சண்டை பிடித்த பிறகுதான் உண்மை வாயிலிருந்து வந்தது.

"வலிக்குதுன்னா எழுதிக்கினு போவாங்க. அடுத்த மாசம் மெடிக்கல்ல அன்பிட்டுன்னு தள்ளிட்டா, இத்தினி வருசம் புழுதி தின்னது இன்னாத்துக்கு?"

பெர்மனென்ட் ஆக்குவதற்கு உடம்பு தகுதியா என்று சோதிக்கப் போகிறார்கள். அவரோடு வேலை செய்தவர்கள் எல்லாருமே இப்படித்தான். இடுப்பு பிடித்தாலும் முட்டி வீங்கினாலும் மூச்சு விடமாட்டார்கள். முடியவில்லை என்று சொன்னவனை மேஸ்திரி மறுநாள் கூப்பிடமாட்டார். ஆஸ்பத்திரிக்கும் மேஸ்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி இறுகிவிட்டது, நிமோனியா என்றார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். அப்போதும் இரண்டுதான்.

அந்த நிலையில் மேஸ்திரி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். இவர் ஆக்சிஜன் குழாயைத் தள்ளிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நல்லா இருக்கேங்க, திங்கட்கிழமை வந்துடுவேங்க என்றார். மேஸ்திரி கெட்டவர் இல்லை. இவர் முகத்தைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக்கொண்டே இவரிடம் பேசினார்.

"அவசரம் ஒண்ணும் இல்லப்பா. மெடிக்கலுக்கு உன் எடத்துல வேற ஆள் பேர அனுப்பிட்டோம். நீ ஒடம்பப் பாரு."

அவர் போனதும் இவரே கை தூக்கி நர்ஸைக் கூப்பிட்டார்.

"பத்தும்மா," என்றார். "மொத நாள்லேர்ந்தே பத்துதான்."

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் முகச் சுளிப்பு விட்டுப்போனது. அவ்வளவு லேசான முகத்தை விழுந்த நாளிலிருந்து நான் பார்க்கவில்லை. இப்போ நல்லா இருமுங்க என்று நர்ஸ் முதுகைத் தாங்கிப் பிடித்தாள். அவரும் வாயைத் திறந்து முயன்றார். அதற்கான தெம்பு அவரிடம் மிச்சமில்லை.